இயல் 6: சான்று தாங்கும் அளவே சொல்

ஆய்வேட்டின் முதல் வரைவை நெறியாளர் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள் எந்த ஆய்வு மாணவருக்கும் மறக்காது. எனக்கு அந்த வரைவு திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்லைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தது. அந்தச் சொல் 'அனைத்து'. முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்வி இருந்தது: "எண்ணினாயா?"

நான் எண்ணியிருக்கவில்லை. களப்பணியில் பதிவுசெய்த தாலாட்டுகளில் பத்துப் பன்னிரண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, 'அனைத்துத் தாலாட்டுகளிலும் தாய்மாமன் பெருமை பேசப்படுகிறது' என்று எழுதியிருந்தேன். மறுபடி உட்கார்ந்து ஒவ்வொரு பாடலாகப் பிரித்தேன். தாய்மாமன் தலைகாட்டாத பாடல்கள் தனியே ஒரு கட்டாகச் சேர்ந்தன. அவற்றில் மட்டும் அவர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தொடங்கியபோதுதான் என் ஆய்வுக்கு உயிர் வந்தது. 'அனைத்து' என்ற சொல் அந்தக் கட்டையே என் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

அன்று கற்றதைத்தான் இந்த இயலில் சொல்லப்போகிறேன். ஆய்வுரையில் நல்ல சொல் என்பது அழகான சொல்லோ அரிய சொல்லோ அன்று. உங்கள் கையில் உள்ள சான்று எவ்வளவு பளுவைத் தாங்குமோ அவ்வளவு பளுவை மட்டும் அதன்மேல் ஏற்றுவதே நல்ல சொல். கூடுதலாக ஏற்றினால் வாய்மொழித் தேர்வில் சரியும். குறைவாக ஏற்றினால் உங்கள் உழைப்பு உரிய மதிப்பைப் பெறாமல் போகும்.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

மாணவர் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

'உலகின் மிகத் தொன்மையான கீழடி நாகரிகம் கி.மு. 580இல் தோன்றியது. இங்குக் கிடைத்த எண்ணற்ற பானைகளில் எழுத்துகள் உள்ளன. எனவே அக்காலத் தமிழர் அனைவரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர் என்றால் அது மிகையாகாது.'

படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேள்வி கேட்டால் பத்தி நிற்காது.

'தோன்றியது': தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்வது வேறு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது என்பதே அதில் உள்ள செய்தி. கரிமக் காலக் கணிப்பு அந்த மாதிரிக்குரிய உயிர்ப்பொருள் எப்போது இறந்தது என்பதைச் சொல்லும். அதைக் கொண்டு, மாதிரி கிடந்த மண்ணடுக்கின் காலத்தை மதிப்பிடுகிறோம். ஒரு வாழ்விடம் எந்த ஆண்டில் 'தோன்றியது' என்று அது சொல்வதில்லை.

'மிகத் தொன்மையான': இது ஒப்பீட்டுச் சொல். உலகின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டுக் காட்டாமல் இதை எழுத முடியாது. ஒப்பிட்டால், சிந்துவெளி நகரங்கள் இதைவிட ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் முந்தியவை என்பதால் சொல் பொய்யாகிவிடும். கீழடியின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. பொருந்தாத பட்டத்தைச் சூட்டினால், உண்மையான அந்தச் சிறப்பை எடுத்துச் சொல்லும் வாய்ப்பையே இழந்துவிடுவோம்.

'எண்ணற்ற': அகழாய்வில் ஓடுகளைக் குழிவாரியாக, அடுக்குவாரியாக எண்ணிப் பதிவு செய்வார்கள். எண்ணி வைத்திருப்பதை 'எண்ணற்ற' என்று எழுதினால், அறிக்கையை நீங்கள் திறந்து பார்க்கவில்லை என்றுதான் தேர்வாளர் நினைப்பார்.

'பானைகள்': முழுப்பானை வேறு, பானையோடு வேறு. எழுத்துகள் பெரும்பாலும் உடைந்த ஓடுகளில்தான் கிடைக்கின்றன. ஓட்டில் தொடங்கிய பெயர் உடைப்பில் அறுந்துபோயிருக்கும். 'பானை' என்று எழுதினால் அந்த அறுபட்ட இடம் வாசகருக்குத் தெரியாமல் போகும்.

'அனைவரும்': ஓட்டில் பெயர் கீறியவருக்கு எழுத்து தெரியும், அல்லது எழுதத் தெரிந்த ஒருவர் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். இதற்கு மேல் போக வேறு சான்று வேண்டும்.

திருத்தி எழுதினால் பத்தி இப்படி அமையும்:

'கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பானையோடுகளும் அங்குக் கிடைத்துள்ளன. கலங்களில் பெயர் கீறும் வழக்கம் அங்கு இருந்ததை இவை காட்டுகின்றன. எழுத்தறிவு மக்களிடையே எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பதை இந்த ஓடுகளைக் கொண்டு மட்டும் வரையறுக்க இயலாது.'

கீழடியின் பெருமை இதில் குறைந்துவிட்டதா? இல்லை. 2,000 ஆண்டுகளுக்கு முந்திய ஒருவரின் பெயர் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வியப்பு இரண்டாம் பத்தியில்தான் தெளிவாகத் தெரிகிறது. முதல் பத்தியின் அடைமொழிகள் அதை மூடிவிட்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'தமிழி' என்ற சொல்லை எடுத்தேன். இதே எழுத்தை 'தமிழ் பிராமி' என்று எழுதும் அறிஞர்களும் உண்டு. ஐராவதம் மகாதேவன் அந்தப் பெயரையே ஆண்டார். எதை ஆண்டாலும் தவறில்லை. ஆனால் முதன்முறை வரும் இடத்தில், எதை ஏன் ஆள்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, கடைசிப் பக்கம் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியின் படிகள்

நாம் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறோம் என்பதைத் தமிழ் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வைத்திருக்கிறது. 'ஆகும்', 'எனத் தெரிகிறது', 'எனக் கருத இடமுண்டு', 'இருக்கலாம்', 'போலும்' ஆகியவை ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஒப்பனைச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு படி.

சோழர் கல்வெட்டை வைத்துப் பார்ப்போம். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். எனவே 'கோப்பரகேசரி' என்ற பட்டம் மட்டும் இருக்கும் கல்வெட்டு விசயாலயனுடையதாகவும் இருக்கலாம், முதலாம் பராந்தகனுடையதாகவும் இருக்கலாம், உத்தம சோழனுடையதாகவும் இருக்கலாம். இப்போது உங்கள் முன் நான்கு கற்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் கல்லில் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியும் பெயரும் 25 என்ற ஆட்சியாண்டும் தெளிவாக உள்ளன. 'இக்கல்வெட்டு முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது' என்று நேராக எழுதுங்கள். இங்கே 'எனலாம்' சேர்ப்பது தேவையற்ற தயக்கம்.

இரண்டாம் கல்லில் மன்னன் பெயர் இல்லை. ஆனால் மதுரை கொண்ட கோப்பரகேசரி என்ற தொடர் உள்ளது. அந்த அடைமொழி முதலாம் பராந்தகனுக்கு உரியது என்று கல்வெட்டறிஞர்கள் கொள்கிறார்கள். 'முதலாம் பராந்தகனுடையது எனத் தெரிகிறது' என்று எழுதி, எதைக்கொண்டு தெரிகிறது என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

மூன்றாம் கல்லில் 'கோப்பரகேசரி' மட்டும் உள்ளது. எழுத்தமைதி 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒத்திருக்கிறது. 'எழுத்தமைதியைக் கொண்டு உத்தம சோழன் காலத்தது எனக் கருத இடமுண்டு' என்பது அளவான சொல்.

நான்காவது, படிக்கட்டில் பதித்துத் தேய்ந்துபோன துண்டுக்கல். ஐந்தாறு எழுத்துகளே மிச்சம். 'சோழர் காலத்ததாக இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கையும் 'ஆகும்' என்றே முடிப்பவரிடம் வாசகர் எதை நம்புவது? நான்கையும் 'எனலாம்' என்றே முடிப்பவர் முதல் கல்லில் தாம் கண்ட உறுதியைத் தாமே வீணாக்குகிறார். படிகளைச் சரியாக ஆண்டால், உங்கள் சான்று எங்கே கெட்டி, எங்கே மெல்லியது என்பதை வாசகர் உங்கள் வினைமுற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார்.

ஓரெழுத்தின் பளு

தமிழில் ஓரெழுத்து இடைச்சொல்லும் பெரிய உரிமை கோரும். இந்த நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்:

'ஏரி தூர்ந்ததற்கு ஆக்கிரமிப்பே காரணம்.'
'ஏரி தூர்ந்ததற்கு ஆக்கிரமிப்புதான் காரணம்.'
'ஏரி தூர்ந்ததற்கு ஆக்கிரமிப்பும் காரணம்.'
'ஏரி தூர்ந்ததற்கு ஆக்கிரமிப்பு ஒரு காரணம்.'

முதல் இரண்டும் மற்ற எல்லாக் காரணங்களையும் வெளியே தள்ளுகின்றன. அப்படி எழுத வேண்டுமானால் வண்டல் படிவு, பராமரிப்பு நின்றது, வரத்துக் கால்வாய் அடைபட்டது ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கியிருக்க வேண்டும். மூன்றாவது வாக்கியம் வேறு காரணங்களும் உண்டு என ஒப்புகிறது. அப்படியானால் அவை எவை என்று வாசகர் கேட்பார், பதில் வைத்திருங்கள். நான்காவதுதான் பெரும்பாலான ஆய்வுகள் தாங்கக்கூடிய வாக்கியம்.

'ஆல்' உருபும் இப்படித்தான். 'மழை குறைந்ததால் மக்கள் வெளியூர் சென்றனர்' என்பது காரணம் சொல்லும் வாக்கியம். 'மழை குறைந்த ஆண்டுகளில் வெளியூர் சென்றோர் எண்ணிக்கை கூடியது' என்பது இரண்டும் சேர்ந்து நடந்ததை மட்டும் சொல்கிறது. அட்டவணையில் இரண்டு எண் வரிசைகள் சேர்ந்து ஏறுவதைப் பார்த்தவுடன் கை தானாக 'ஆல்' போட்டுவிடும். அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: இது காரணமா, உடன்நிகழ்வா? களத்தில் யாராவது 'தண்ணி இல்லைன்னுதான் திருப்பூர் போனோம்' என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால், அந்தப் பேச்சைச் சான்றாக வைத்து 'ஆல்' போடலாம்.

'முதல்', 'எல்லாம்', 'ஒரே'

இந்த மூன்று சொற்களும் ஆய்வேட்டில் அதிகம் பழிவாங்குபவை. ஒரே ஓர் எதிர்ச்சான்று வந்தாலும் சொல் விழுந்துவிடும், சில வேளை இயலும் சேர்ந்து விழும்.

'திராவிட மொழிக்குடும்பத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் கால்டுவெல்' என்று எழுதுவோர் இன்னும் உண்டு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816இல், சென்னையில் பணியாற்றிய எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தமக்குள் உறவுடைய தனிக் கூட்டம் என்பதைக் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கான முன்னுரைக் குறிப்பில் எடுத்துக்காட்டியிருந்தார். இதனால் கால்டுவெல்லின் இடம் குறைவதில்லை. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நூலளவில் விரிவாக எழுதியவர் கால்டுவெல்' என்றால் அவருக்கு உரியது அவருக்கும், எல்லிசுக்கு உரியது எல்லிசுக்கும் போய்ச் சேரும்.

உ.வே. சாமிநாதையர் பற்றி எழுதும்போதும் இதே வழுக்கல் உண்டு. 'அழிந்துகொண்டிருந்த சங்க நூல்களை எல்லாம் தனியொருவராக மீட்ட ஈடு இணையற்ற தமிழ்த்தாத்தா' என்பது மேடைக்குப் பொருந்தும். ஆய்வேட்டில் 'எல்லாம்' என்ற சொல் நிற்காது. கலித்தொகையை 1887இல் பதிப்பித்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. நற்றிணையை 1915இல் உரையோடு பதிப்பித்தவர் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர். 'தனியொருவராக', 'எல்லாம்' என்ற இரண்டு சொற்கள் இந்த இருவரின் உழைப்பையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகின்றன.

பாராட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாராட்டைச் செய்திகளிடம் ஒப்படையுங்கள் என்கிறேன். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்குள் ஒருவர் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவை இவை. 'ஈடு இணையற்ற' என்ற அடைமொழி இதற்கு மேல் என்ன சொல்லிவிடும்?

பிறர் கருத்தைச் சொல்லும் வினைகள்

மேற்கோள் காட்டும்போது 'கூறுகிறார்' என்பதையே திரும்பத் திரும்ப எழுத அலுத்துப்போய், மாற்றம் வேண்டும் என்பதற்காக மட்டும் 'குறிப்பிடுகிறார்', 'நிறுவுகிறார்', 'ஒப்புக்கொள்கிறார்' என்று மாணவர்கள் மாற்றிப் போடுவார்கள். இவை ஒரே பொருள் தருபவை அல்ல.

'கூறுகிறார்' எந்தப் பக்கமும் சாயாத வினை. ஐயம் வந்தால் இதற்கே திரும்புங்கள்.

'குறிப்பிடுகிறார்' என்றால் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார் என்று பொருள். ஒருவர் முந்நூறு பக்கம் எழுதி எடுத்துவைத்த மையக் கருத்தை 'குறிப்பிடுகிறார்' என்றால் அவர் நூலைச் சிறுமைப்படுத்துகிறீர்கள்.

'சுட்டுகிறார்', 'எடுத்துக்காட்டுகிறார்' என்றால், அவர் சுட்டும் பொருள் உண்மையாகவே அங்கே இருக்கிறது என்பதை நீங்களும் ஏற்கிறீர்கள்.

'கருதுகிறார்' என்பது அவருடைய முடிவு. நீங்கள் இன்னும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

'வாதிடுகிறார்' என்றால் எதிர்த்தரப்பு உண்டு, அவர் காரணங்களும் தந்திருக்கிறார் என்று பொருள்.

'நிறுவுகிறார்' என்றால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துவிட்டார் என்று நீங்களே கையெழுத்திடுகிறீர்கள்.

'ஒப்புக்கொள்கிறார்' என்றால் அவர் முன்பு தயங்கினார் அல்லது மறைத்தார் என்ற சாயல் விழும். அப்படி எதுவும் நடக்காதபோது இந்த வினை அவருக்கு அநீதி செய்கிறது.

சிலப்பதிகாரத்தின் காலத்தைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். நூலில் வரும் இலங்கை மன்னன் கயவாகுவை மகாவம்சம் சொல்லும் முதலாம் கஜபாகுவாகக் கொண்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டை எடுத்துரைப்போர் ஒரு தரப்பு. நூல் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்ற எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் மற்றொரு தரப்பு. ஒரு தரப்புக்கு 'நிறுவுகிறார்' என்றும் மறு தரப்புக்கு 'கூறிச் செல்கிறார்' என்றும் எழுதிவிட்டால், உங்கள் தீர்ப்பை வாதம் இல்லாமலே எழுதி முடித்துவிட்டீர்கள். இரு தரப்புக்கும் 'வாதிடுகிறார்' என்று எழுதுங்கள். பிறகு உங்கள் காரணங்களை வைத்து, எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத் திறந்து சொல்லுங்கள்.

ஒரு பொருளுக்கு ஒரு சொல்

பள்ளியில் கட்டுரை எழுதும்போது, சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாதே என்று கற்றோம். ஆய்வுரையில் அந்தப் பழக்கம் குழப்பத்தைத்தான் தரும். ஒரு பத்தியில் 'புலம்பெயர்ந்தோர்', அடுத்ததில் 'இடம்பெயர்ந்தோர்', அதற்கடுத்ததில் 'அகதிகள்' என்று எழுதினால், மூன்று வகை மக்களைப் பற்றிப் பேசுவதாகவே வாசகர் புரிந்துகொள்வார். ஈழத்துத் தமிழ் வழக்கில் இது உண்மையும்கூட: போரால் வீட்டை விட்டு நாட்டுக்குள்ளேயே வேறிடம் போனவர்கள் இடம்பெயர்ந்தோர், கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய்ச் சேர்ந்தவர்கள் புலம்பெயர்ந்தோர். 'அகதி' என்பதற்கோ 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை தந்த சட்டப் பொருள் உண்டு. சொந்த நாட்டின் எல்லையைத் தாண்டியவரையே அது குறிக்கும். முல்லைத்தீவிலிருந்து வவுனியா முகாமுக்குப் போனவரை 'அகதி' என்று எழுதினால், ஊரார் பேச்சில் அந்தச் சொல் இருந்தாலும், சட்ட ஆய்வில் அது பிழை.

கலைச்சொல்லில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்றால் ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. கிலோகிராமில் அளப்பது அதை. புவி அந்தப் பொருளை ஈர்க்கும் விசைக்கு அங்கே 'எடை' என்று பெயர். அதை நியூட்டனில் அளப்பார்கள். இலங்கைப் பாடநூலில் முதலாவது 'திணிவு', இரண்டாவது 'நிறை'. ஆக, 'நிறை' என்ற ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் வேறொன்றையும் குறிக்கிறது. 'வேகம்' என்பதும் அப்படியே. தமிழ்நாட்டில் திசையைக் கணக்கில் கொள்ளாதது வேகம், கொள்வது திசைவேகம். இலங்கையில் திசையைக் கொள்ளாதது கதி, கொள்வது வேகம்.

இதில் எந்த மரபு சரி என்று சண்டையிடத் தேவையில்லை. இரண்டுக்கும் நீண்ட பின்புலம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்கள் ஆக்கினார். தமிழகத்தில் 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் ஏராளமான துறைச்சொற்களைப் புழக்கத்தில் விட்டன. உங்கள் வேலை இதுதான்: எந்த மரபின்படி எழுதுகிறீர்கள் என்பதை முதல் இயலிலேயே அறிவியுங்கள், அந்தச் சொல்லின் பொருளை ஒரு வாக்கியத்தில் வரையறுங்கள், பிறகு மாறாதீர்கள். புதிதாகச் சொல் படைக்கும் ஆசை வந்தால், துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல் உண்டா என்று முதலில் தேடுங்கள். 'ஆக்சிஜன்' என்று பத்து லட்சம் மாணவர்கள் படித்திருக்கும்போது, நீங்கள் ஒருவர் மட்டும் அறிந்த சொல் அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே சுவராக நிற்கும்.

மனிதரைக் குறிக்கும் சொற்கள்

மக்களைப் பற்றி எழுதும்போது, சொல் தவறினால் சான்று மட்டும் பிசகுவதில்லை. ஒருவரின் மானமும் காயப்படும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், முதலாம் இராசராசன் அங்கே குடியமர்த்திய 400 பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்ற விவரத்துடன் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு அவர்களை 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்கிறது. பிற்காலத்தில் எழுதியவர்கள் பலர் எளிதாக 'தேவதாசிகள்' என்றார்கள். அந்தச் சொல்லின்மேல் 19, 20ஆம் நூற்றாண்டுகளின் விவாதமும் 1947இல் சென்னை மாகாணம் இயற்றிய தடைச்சட்டமும் சுமந்த முழு வரலாறும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 1,000 ஆண்டுக்கு முந்திய அந்த 400 பெண்களுக்கு அச்சொல்லைச் சூட்டினால், அவர்கள் வாழ்வைப் பற்றி ஆராயாமலே முடிவு சொல்லிவிடுகிறீர்கள். மூலம் சொல்லும் பெயரை ஆளுங்கள், அதன் பொருளை விளக்குங்கள், பின்னர் வந்த சொல்லோடு ஒப்பிட வேண்டுமானால் தனியே ஒப்பிடுங்கள்.

இன்று வாழும் மக்களைப் பற்றி எழுதினால் விதி இன்னும் எளிது: அவர்கள் தம்மை எந்தப் பெயரால் குறிக்கிறார்களோ அதை ஆளுங்கள். மலையகத்தில் களப்பணி செய்பவர், 2012ஆம் ஆண்டு இலங்கைக் கணக்கெடுப்பு 'இந்தியத் தமிழர்' என்று பதிந்ததையும் அங்குள்ள பலர் தம்மை 'மலையகத் தமிழர்' என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அட்டவணையில் அரசுச் சொல், விளக்கத்தில் மக்கள் சொல் என்று பிரித்து, பிரித்த காரணத்தையும் எழுதுங்கள். பழைய ஆவணத்தில் இழிசொல் இருந்தால், மேற்கோள் குறிக்குள் உள்ளபடி விடுங்கள். மேற்கோளுக்கு வெளியே அது உங்கள் சொல்லாக வரக் கூடாது.

தகவலாளரின் பேச்சைத் திருத்தாதீர்கள். 'அப்பல்லாம் கூலி நெல்லாத்தான் அளப்பாங்க' என்று ஒருவர் சொன்னதை 'முன்பு ஊதியம் நெல்லாக வழங்கப்பட்டது' என்று மாற்றினால், 'அளப்பாங்க' என்ற வினை போய்விடும். மரக்காலும் களத்துமேடும் அந்த வினையோடு சேர்ந்து போய்விடும்.

பழஞ்சொல்லும் அகராதியும்

இலக்கிய ஆய்வில் பழஞ்சொல் இன்றைய பொருளோடு வந்து ஏமாற்றும். அகப்பொருளில் 'களவு' என்பது பிறர் அறியாத காதல், இன்று திருட்டு. தொல்காப்பியத்தில் 'கிழவன்', 'கிழவி' உரிமை உடையோர், தலைவனும் தலைவியும். இன்று முதியோர். உங்கள் வாக்கியத்தில் இச்சொற்கள் வந்தால், எந்தக் காலப் பொருளில் வருகின்றன என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும்.

பக்கத்தில் இரண்டு அகராதிகள் இருக்கட்டும். பழந்தமிழ்ச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு வந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்டது. முதலாவதில் ஒரு பொருள் இருப்பதால் இன்றைய வாசகருக்கு அது விளங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாவதில் இல்லாததால் சங்கப் பாடலில் அந்தப் பொருள் இல்லை என்றும் முடிவு செய்யாதீர்கள்.

விலக்கினால் நட்டமில்லாத தொடர்கள்

'என்றால் அது மிகையாகாது', 'என்பதில் ஐயமில்லை', 'என்பது உள்ளங்கை நெல்லிக்கனி', 'அனைவரும் அறிந்ததே' ஆகியவை சான்று இல்லாத இடத்தில் குரலை உயர்த்துபவை. ஐயம் இல்லாத செய்திக்கு இவை தேவையில்லை. ஐயம் உள்ள செய்தியை இவை காப்பாற்றுவதும் இல்லை.

'அறிய முடிகிறது', 'காண முடிகிறது' என்ற வால்களையும் வெட்டுங்கள். 'இப்பாடலில் உவமை இடம்பெற்றிருப்பதைக் காண முடிகிறது' என்பதைவிட 'இப்பாடலில் உவமை உள்ளது' என்பது நேரானது.

'ஆய்வாளர்' என்று உங்களையே குறிப்பது நம் பல்கலைக்கழகங்களில் வழக்கம். ஆனால் முன்னாய்வுகளைப் பேசும் இயலில் 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று வந்தால், நீங்களா மேற்கோள் காட்டப்பட்டவரா என்று தெரியாது. உங்கள் பல்கலைக்கழக விதி இடம் தந்தால் 'நான்' என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் 'இவ்வாய்வு' என்று எழுதி, பிறருக்கு அவரவர் பெயரை ஆளுங்கள்.

பயிற்சி

உங்கள் வரைவிலிருந்து ஓர் இயலை அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் செய்ய வேண்டாம், தாளில்தான் கை நிற்கும். பிறகு இவ்வரிசையில் போங்கள்:

1. 'அனைத்து', 'எல்லா', 'முதல்', 'ஒரே', 'மிக', 'எண்ணற்ற' ஆகியவற்றை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுத முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அடைமொழியை எடுத்துவிட்டு எண்ணை வையுங்கள்.

2. ஒவ்வொரு வினைமுற்றையும் அடிக்கோடிடுங்கள். அது நிற்கும் படியும் உங்கள் சான்று நிற்கும் படியும் ஒன்றா என்று கேளுங்கள்.

3. 'ஏ', 'தான்', 'ஆல்' வரும் இடங்களில் மற்றக் காரணங்களை விலக்கியிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள்.

4. மையக் கலைச்சொற்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் வரையறுக்கப்பட்டது, பிறகு எங்காவது பெயர் மாறியதா என்று பாருங்கள்.

5. மனிதரைக் குறிக்கும் சொற்களைத் தனியே எடுத்து, அந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவற்றை உரக்கப் படிக்க உங்களால் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இயலுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த நாள் வீண்போகாது. வட்டமிட்ட சொல் ஒவ்வொன்றும் உங்களை மறுபடி சுவடிக்கோ கல்லுக்கோ பதிவு நாடாவுக்கோ அனுப்பும். போய்ப் பாருங்கள். எனக்குக் கிடைத்ததுபோல் உங்களுக்கும் அங்கே, பொதுச்சொல் ஒன்றின் அடியில், யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு கட்டு காத்திருக்கலாம்.